மதுரையில் ஒரு பகல், ஒரு ராத்திரி: எங்கே சாப்பிடலாம்?

தாம்பரத்துக்காரன் | செப்டம்பர் 22, இரவு 9.14

எல்லாருக்கும் வணக்கம். வரும் வெள்ளி இரவு பாண்டியனில் ஏறி, சனி விடிகாலை மதுரையில் இறங்குகிறோம். ஞாயிறு காலை வைகையில் திரும்பல். ஆக ஒரு முழுப் பகல், ஒரு ராத்திரி. மீனாட்சியைப் பார்ப்பது அம்மாவின் வேண்டுதல். வயிறாரச் சாப்பிடுவது என் வேண்டுதல்.

படைதான் சிக்கல். அம்மா புரட்டாசி முழுக்கச் சைவம். அப்பாவுக்குப் பன்னிரண்டு மாதமும் ஐப்பசிதான், ஆனால் சர்க்கரை இருக்கிறது. மனைவி எதையும் சாப்பிடுவாள். ஆனால் சாப்பிடுகிறவர் முதுகுக்குப் பின்னால் நின்று "எப்போது எழுந்திருப்பார்" என்று பார்க்கிற கடைக்கு மட்டும் வரமாட்டாள். பையனுக்கு 9, பெண்ணுக்கு 5. காரம் ஆகாது.

யூடியூபைப் பார்த்துப் பார்த்து 23 கடை எழுதி வைத்திருக்கிறேன். இதில் எது உருப்படி, எது வெறும் கூட்டம்? ஊர்க்காரர்கள் சொல்லுங்கள்.

நெய்ரோஸ்ட் | செப்டம்பர் 22, இரவு 9.31

கோனார் மெஸ், அம்மா மெஸ், முருகன் இட்லி, பிரேமா விலாஸ் அல்வா, விளக்குத்தூண் ஜிகர்தண்டா. முடிந்தது. இழையைப் பூட்டிவிடலாம்.

சிம்மக்கல் வாசி | செப்டம்பர் 22, இரவு 10.48

நெய்ரோஸ்ட் சொன்ன அஞ்சும் ஊருக்கே தெரிஞ்சதுதான், தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா தம்பி, நீங்க கேள்வியவே மாத்திக் கேக்கணும். மதுரையில "எந்தக் கடை"ன்னு கேக்கப்படாது, "எத்தனை மணிக்கு"ன்னு கேக்கணும். இங்க ஒவ்வொரு பண்டத்துக்கும் ஒரு நேரம் இருக்கு. அந்த நேரத்துல போனா தெருமுக்கு வண்டிக்காரன்கூட அசத்துவான். நேரம் தப்பிப் போனா எத்தனை பெரிய பேரா இருந்தாலும் அடிச்சட்டிதான். அப்புறம் ஊருக்குப் போயி "மதுரை சாப்பாடு ஒண்ணும் பிரமாதமில்லை"ன்னு எழுதுவீக.

வெள்ளன எந்திரிச்சு கோயிலுக்குப் போயிருங்க. நடை மத்தியானம் சாத்திட்டு சாயந்தரம் நாலு மணிக்குத்தான் திறப்பாங்க. செல்போனை உள்ள விட மாட்டாக, அதனால படம் எடுக்குற வேலை மிச்சம். வெளிய வந்ததும் டவுன்ஹால் ரோடு பக்கமோ சித்திரை வீதியிலயோ சைவ டிபன். அம்மாவுக்குக் கவலையே இல்லை, கோயிலைச் சுத்தி சைவக் கடைதான்.

மத்தியானம் மெஸ்ஸுக்குப் போறதா இருந்தா பன்னெண்டரைக்கு இலை முன்னால உக்காந்திருக்கணும். அயிரை மீன் குழம்பு உள்ள கடைன்னா இன்னும் வெள்ளன. சின்ன மீனு, உயிரோட பால்ல விட்டு மண்ணைக் கக்க வச்சுத்தான் குழம்பு வைப்பாக. ஒரு நாளைக்கு ஒரு சட்டி, அவ்வளவுதான். ரெண்டரைக்குப் போயி "அயிரை இருக்கா"ன்னு கேட்டீகன்னா சப்ளையர் உங்களைப் பாக்குற பார்வையிலேயே வெளியூருன்னு எழுதிருவான்.

நாலரைக்கு மேல பருத்திப்பால், முள்ளுமுருங்கை வடை. ஜிகர்தண்டா அதுக்கு அப்புறம், ராத்திரிச் சாப்பாட்டுக்கு ரெண்டு மணி நேரம் முன்னால. ஏழரைக்குப் பரோட்டா, கறிதோசை. பத்தரைக்கு மேல தள்ளுவண்டி இட்லி. தூங்கா நகரம்னு பேரு சும்மா வரலை.

23 கடைச் சீட்டைக் கிழிச்சுப் போட்டுட்டு இந்த நேரத்தை மட்டும் எழுதிக்கங்க.

நெய்ரோஸ்ட் | செப்டம்பர் 22, இரவு 10.55

பூட்ட வேண்டாம் என்று திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

ஃபர்வானியா பாய் | செப்டம்பர் 23, அதிகாலை 1.20

குவைத்தில் டூட்டி முடித்து வந்து இதைப் படிக்கிறேன். பாவிகளா. இங்கேயும் பரோட்டா கிடைக்கிறது, கறிதோசை என்று போர்டில் எழுதியும் இருக்கிறது. தோசைக்குள் மட்டன் மசாலாவை மடித்து மசால் தோசை மாதிரிக் கொடுக்கிறார்கள். அது கறி வைத்த தோசை, கறிதோசை இல்லை.

சென்னைக்காரருக்காகச் சொல்கிறேன். கல்லில் மாவை ஊத்தாப்பம் கனத்துக்கு ஊற்றுவார்கள். அது பாதி வெந்ததும் மேலே அடித்த முட்டை. முட்டை கட்டுவதற்குள் கொத்துக்கறியை அள்ளிப் போட்டுக் கரண்டியின் முதுகால் ஓரம் வரைக்கும் பரப்புவார்கள். அப்புறம் எண்ணெய் விட்டு அப்படியே கவிழ்த்துப் போட்டு ஒரு அழுத்து. கறி கல்லில் நேராகப் பட்டு ஓரம் கருகி வரும் பாருங்கள், அந்த வாசனைக்குத்தான் இந்தப் பாய் வருஷம் ஒருமுறை விமானம் ஏறுகிறான். கீழே புளித்த மாவு, நடுவில் முட்டை, மேலே கறி. ஒருத்தருக்கு ஒன்று போதும். இரண்டாவது ஆர்டர் செய்கிறவன் புதுசு.

உப்புக்கல் | செப்டம்பர் 23, காலை 8.05

புரட்டாசியில் போவது ஒரு வகையில் அதிர்ஷ்டம். பாதி ஊர் விரதம். சனிக்கிழமையில் அசைவக் கடையில் உட்கார இடம் கிடைப்பது இந்த ஒரு மாதம்தான். உங்கள் வீட்டுக்காரம்மா முதுகுக்குப் பின்னால் நிற்க வேண்டியதில்லை.

ஒரு சந்தேகம் சிம்மக்கல்லாருக்கு. பரோட்டாவுக்கு ஏழரையா? சால்னா ஏழரைக்குத் தண்ணியாக இருக்கும் ஐயா. பத்து மணிக்குத்தான் எலும்பெல்லாம் இறங்கி, அண்டாவின் அடியில் கெட்டியாக நிற்கும். நான் மதுரையில் வேலை பார்த்த நான்கு வருஷமும் பத்து மணிக்கு முன்னால் பரோட்டாவைத் தொட்டதில்லை.

சிம்மக்கல் வாசி | செப்டம்பர் 23, காலை 9.40

பத்து மணி சால்னாவுல மூணு தடவை வெந்நி ஊத்தியிருப்பான். நீங்க கெட்டின்னு நினைக்கிறது அடிப்பிடிச்சது.

உப்புக்கல் | செப்டம்பர் 23, காலை 9.44

அடிப்பிடித்ததற்கும் வற்றியதற்கும் வித்தியாசம் தெரியாத நாக்கா என்னுடையது?

கல்லுப்பக்கம் | செப்டம்பர் 23, பிற்பகல் 2.17

இந்தச் சண்டையில் நான் பேசலாம். இப்போது வேறு தொழில், ஆனால் 20 வயதில் ஐந்து வருஷம் பரோட்டாக் கல்லுக்குப் பின்னால் நின்றவன். முதல் வருஷம் வெங்காயம் உரித்தேன், இரண்டாவது வருஷம் மாவு, அப்புறம்தான் வீச்சு.

மத்தியானம் ஒரு மணிக்கு மாவு பிசைவோம். மைதா, உப்பு, கொஞ்சம் சர்க்கரை, எண்ணெய், தண்ணீர். பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி ஊற விடுவோம். அப்புறம் உருண்டை பிடித்து எண்ணெயில் முங்க வைப்போம். அந்த ஊறல்தான் எல்லாம். ஆறு மணிக்கு முதல் ஈடு போடும்போது உருண்டை கையில் நூல் மாதிரி இழுக்கும். மேசையில் எண்ணெய் தடவி வீசினால் அந்தப் பக்கம் இருக்கிற பேப்பரைப் படிக்கலாம், அவ்வளவு மெல்லிசு. அதைச் சுருட்டி, தட்டி, கல்லில் போட்டு, வெந்ததும் ஆறேழு பரோட்டாவை அடுக்கி இரண்டு பக்கமும் உள்ளங்கையால் அடிக்கணும். அடித்தால்தான் இதழ் பிரியும். முதல் ஆறு மாசம் கை கொப்பளிக்கும், அப்புறம் மரத்துவிடும். இன்றைக்கும் என் உள்ளங்கையில் சூடு சரியாகத் தெரியாது. காபி டம்ளரை நான் பிடிக்கிற பிடியைப் பார்த்து என் மகள் சிரிப்பாள்.

சால்னா விஷயம். இரண்டு பேரும் பாதி பாதி சரி. ஏழு மணிக்கு மசாலா தனியாக, எண்ணெய் தனியாக நிற்கும். ஒன்பதரைக்கு மேல் கூட்டத்தைப் பார்த்து முதலாளி "கூட்டுடா" என்பார். கூட்டுவது என்றால் வெந்நீரும் அரைத்த தேங்காயும். நாங்கள் வேலைக்காரர்கள் எங்களுக்கென்று ஒரு தூக்கில் சால்னா எடுத்து ஒதுக்கி வைக்கிற நேரம் எட்டரை. இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

இன்னொன்று. பிள்ளைகளுக்குப் பன் பரோட்டா சொல்லுங்கள். சின்னதாக, உப்பலாக, பஞ்சு மாதிரி இருக்கும். சால்னா வேண்டாம் என்றால் மாஸ்டரிடமே "சீனி கொஞ்சம் கொடுங்கண்ணே" என்று கேளுங்கள், கொடுப்பார். சூடான பரோட்டாவும் சீனியும் சாப்பிடாத பிள்ளை கிடையாது.

உப்புக்கல் | செப்டம்பர் 23, பிற்பகல் 2.31

எட்டரை. ஒப்புக்கொள்கிறேன். நான்கு வருஷம் வீண்.

வெண்டைக்காய் சாம்பார் | செப்டம்பர் 23, மாலை 6.02

எல்லோரும் கறியிலேயே நிற்கிறீர்கள். அந்த அம்மாவைப் பற்றி யார் பேசுவது? நான் பிறவிச் சைவம், மதுரையில் மாமியார் வீடு. அசைவ ஊர் என்று பேர் எடுத்த ஊரில் சைவக்காரி பட்டினி கிடப்பாள் என்று நினைத்தால் தப்பு.

முள்ளுமுருங்கை வடையைத் தேடிச் சாப்பிடச் சொல்லுங்கள். கல்யாண முருங்கை என்றும் சொல்வோம். முள்ளுள்ள மரத்தின் இலை, அரிசியோடு அரைத்துத் தட்டையாகத் தட்டி எண்ணெயில் போட்டால் பச்சை நிறத்தில் பூரி மாதிரி வரும். மேலே பொடி தூவிக் கையில் தருவார்கள். சளிக்கு நல்லது என்று எங்கள் மாமியார் மழைக்காலத்தில் வாரம் ஒருமுறை சுடுவார்.

பருத்திப்பாலும் அப்படித்தான். பேரில் பால் இருந்தாலும் மாட்டுப்பால் கிடையாது. பருத்திக்கொட்டையை ராத்திரி ஊறப் போட்டு, காலையில் அரைத்து, துணியில் பிழிந்து மூன்று தடவை பால் எடுக்கணும். அதில் கொஞ்சம் அரிசி மாவு கரைத்து, கருப்பட்டியோ வெல்லமோ பாகு காய்ச்சி ஊற்றி, சுக்கு, ஏலக்காய் தட்டிப் போட்டு, கடைசியில் தேங்காய்த் துருவல். துடுப்பை நிறுத்தினால் அடியில் கட்டி தட்டிவிடும். ஒருமுறை வீட்டில் செய்யும்போது போன் வந்தது, அந்தப் பாத்திரத்தை இன்னும் ஊற வைத்துக்கொண்டிருக்கிறேன். வண்டியில் வாங்கிக் குடியுங்கள், அதுதான் புத்திசாலித்தனம்.

சர்க்கரை உள்ள அப்பாவுக்கு இது இரண்டு வாய்க்கு மேல் வேண்டாம். கருப்பட்டி என்றால் ஒன்றும் செய்யாது என்று வண்டிக்காரர் சொல்வார். நம்பாதீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: "பத்தரைக்கு இட்லி" என்று சிம்மக்கல்லார் சொன்னது நமக்கு. மாத்திரை போடுகிறவர் தன் நேரத்துக்குச் சாப்பிட்டுவிட வேண்டும்.

கோலிசோடா | செப்டம்பர் 23, இரவு 8.15

ஜிகர்தண்டா பற்றி யாரும் விவரமாகப் பேசவில்லையே. போன மாசம் குடும்பத்தோடு போய், பேர் பெற்ற இடத்துப் பக்கத்தில் அதே பேரை முன்னும் பின்னும் மாற்றி எழுதி வைத்திருந்த கடையில் ஏறிவிட்டோம். ரோஸ் கலரில் சர்க்கரைத் தண்ணீர், மேலே கடையில் வாங்கிய கப் ஐஸ்கிரீம். பிசின் என்று அடியில் நாலு துணுக்கு. ஆறு டம்ளருக்குக் காசு கொடுத்து ஐந்தைக் கீழே ஊற்றினோம். அந்தக் கடை பேர்...

மட்டுறுத்துநர் | செப்டம்பர் 23, இரவு 8.22

கோலிசோடா, கடையின் பேரை நீக்கியிருக்கிறேன். பாராட்டுக்குப் பேர் சொல்லலாம், குறைக்குச் சொல்லக் கூடாது. மன்ற விதி. அனுபவம் அப்படியே இருக்கட்டும்.

மாரட் வீதி | செப்டம்பர் 23, இரவு 9.50

நல்ல ஜிகர்தண்டாவை வாயில் வைக்குமுன் கண்ணால் கண்டுபிடிக்கலாம். பாலைச் சிறு தீயில் மணிக்கணக்கில் சுண்டக் காய்ச்சினால் அதன் நிறம் வெள்ளை இல்லை, பழுப்பு. கலர் போட்டதற்கும் இதற்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும். அடியில் பாதாம் பிசின் நொங்கு மாதிரி வழுவழுவென்று நிறைய இருக்கணும். பிசினுக்குச் சுவை கிடையாது. ஒரு சின்ன ஸ்பூன் பிசினை ராத்திரி ஊறப் போட்டால் காலையில் கிண்ணம் நிறைந்துவிடும், அதனால் அதில் கஞ்சத்தனம் பண்ணுகிற கடை எதில்தான் பண்ணாது? அதற்கு மேல் நன்னாரி சர்பத், சுண்டிய பால், பால் ஐஸ். நன்னாரி வாசனை மூக்கில் ஏறவில்லை என்றால் டம்ளரை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

பேரின் அர்த்தம் கேட்பவர்களுக்கு: ஜிகர் என்றால் ஈரல், தண்டா என்றால் குளிர்ச்சி. முகலாயர் கொண்டுவந்தது, ஹைதராபாத்திலிருந்து வந்தது என்று ஆளுக்கொரு கதை. ஆதாரம் காட்டியவர் யாரையும் நான் பார்த்ததில்லை. மதுரைக்கு வெளியே அது சரியாக வருவதில்லை என்பது மட்டும் என் சொந்த ஆதாரம்.

டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு அந்த விளக்குத்தூணை ஒரு தடவை நிமிர்ந்து பாருங்கள். பிளாக்பர்ன் என்ற கலெக்டரின் நினைவாக வைத்தது. 1840-களில் கோட்டைச் சுவரை இடித்து ஊரை அகலப்படுத்தியவர் அவர். அந்த வேலையில் அவருக்குக் கீழே இருந்தவர்கள் மாரட்டும் பெருமாள் மேஸ்திரியும். இரண்டு பேர் பேரிலும் இன்றைக்குத் தெரு இருக்கிறது. நான் குடியிருப்பது அதில் ஒன்று, இந்த மன்றத்தில் என் பேரும் அதுதான்.

சிம்மக்கல் வாசி | செப்டம்பர் 23, இரவு 10.20

மாரட் வீதிக்காரரே, சொன்னதெல்லாம் சரி. ஆனா சாப்பாட்டுக்கு அப்புறம் ஜிகர்தண்டான்னு ஒரு கூட்டம் அலையுதே, அதைக் கண்டிச்சு எழுதுங்க. பரோட்டா தின்ன வயித்துல சுண்டக் காய்ச்சுன பாலை ஊத்துனா ராத்திரி பூராம் கட்டில்ல உருளணும். பரோட்டாவுக்கு மேல பவண்டோதான். காளிமார்க் 1916-ல விருதுநகர்ல ஆரம்பிச்சது. வெளிநாட்டுக் கலர் எல்லாம் வந்து, போயி, திரும்ப வந்துச்சு. இது மட்டும் அங்கயே நிக்குது.

பில்லைப் பார் | செப்டம்பர் 24, காலை 7.30

சம்பந்தமில்லாமல் ஒன்று. ஏசி ரூமில் உட்கார்ந்தால் ஏன் அதே தோசைக்கு வேறு விலை? வரி அதிகம் என்று கல்லாவில் சொல்கிறார்கள். 2017 நவம்பரிலிருந்து ஏசி இருந்தாலும் இல்லாவிட்டாலும் சாதாரண ஓட்டலுக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம்தான். விலை வித்தியாசம் அவர்கள் வைத்தது, அரசாங்கம் வைத்தது இல்லை. அப்புறம் சர்வீஸ் சார்ஜை பில்லில் தானாகச் சேர்க்கக் கூடாது என்று 2022-லேயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் சொல்லிவிட்டது. சென்னையில் போன வாரம் ஒரு ஓட்டலில் இதைச் சொன்னேன். எடுத்துவிட்டார்கள். ஆனால் அப்புறம் தண்ணீர் கேட்டால் வரவில்லை.

நெய்ரோஸ்ட் | செப்டம்பர் 24, காலை 7.41

மெஸ்ஸில் சர்வீஸ் சார்ஜ் எல்லாம் கிடையாது நண்பரே. "இன்னும் கொஞ்சம் குழம்பு ஊத்தட்டுமா"தான் அங்கே சர்வீஸ். இலையை உள்பக்கம் மடித்துவிட்டு சப்ளையர் கையில் இருபது ரூபாயைக் கொடுங்கள், அடுத்த முறை முகம் பார்த்து வைப்பார்.

தாம்பரத்துக்காரன் | செப்டம்பர் 24, இரவு 10.05

23 கடைச் சீட்டைக் கிழித்துவிட்டேன். நேரம் மட்டும் எழுதியிருக்கிறேன். போய் வந்து சொல்கிறேன்.

தாம்பரத்துக்காரன் | செப்டம்பர் 30, இரவு 9.37

போய் வந்தாயிற்று. கொஞ்சம் நீளமாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காலையில் கோயில். திட்டப்படி ஏழு மணிக்குப் போயிருக்க வேண்டும். லாட்ஜில் வெந்நீர் வராததால் ஒன்பது மணி. புரட்டாசிச் சனிக்கிழமையில் பெருமாளுக்குத்தான் கூட்டம், மீனாட்சிக்கு இருக்காது என்று நான் போட்ட கணக்கு சுத்தமாகத் தப்பு. வெளியே வரும்போது பதினொன்றேகால். பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். டவுன்ஹால் ரோட்டில் கண்ணில் பட்ட முதல் சைவ ஓட்டலில் ஏறிப் பொங்கல் கேட்டால் "முடிஞ்சிருச்சு, மீல்ஸ் பன்னெண்டு மணிக்கு" என்றார்கள். சிம்மக்கல்லார் சொன்னது அங்கேயே உறைத்தது. ஆறிப்போன வடை இரண்டும் காபியும் கிடைத்தன.

அந்த வடையால் மத்தியானப் பசி தள்ளிப்போய், மெஸ்ஸுக்குப் போகும்போது ஒன்றே முக்கால். கேட்கக் கூடாது என்று தெரிந்தும் கேட்டேன். அயிரை இல்லை. சப்ளையர் பார்த்த பார்வையும் நீங்கள் சொன்னபடியேதான் இருந்தது. விரால் குழம்பும் சுக்காவும் சாப்பிட்டோம். குறை சொல்ல முடியாது. ஆனால் பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் முன்னால் அயிரைச் சட்டி காலியாக இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன். அம்மாவுக்கு வேறு கடையில் சாப்பாடு வாங்கிக் கொடுத்துவிட்டுத்தான் வந்தோம்.

இரண்டு தவறினதும் மனைவி போனை வாங்கி உங்கள் எல்லாப் பதிவையும் உட்கார்ந்து படித்தாள். அதற்கு மேல் தலைமை அவள்.

நாலே முக்காலுக்குப் பருத்திப்பால் வண்டி. பித்தளை அண்டா, மேலே துணி. பையன் "பஞ்சைக் குடிக்கிறதா" என்று முகத்தைச் சுளித்தான். ஒரு வாய்க்கு அப்புறம் தங்கச்சி டம்ளரையும் வாங்கிக்கொண்டான். அப்பா இரண்டு வாயோடு நிறுத்தினார் என்று எழுத ஆசைதான். மூன்று. முள்ளுமுருங்கை வடையை அம்மா ஒன்று தின்றுவிட்டு, இலை எங்கே கிடைக்கும் என்று வண்டிக்கார அம்மாவிடம் விசாரிக்கப் போய், இருபது நிமிஷம் அங்கேயே சொந்தம் கொண்டாடிவிட்டார்.

ஜிகர்தண்டா ஐந்தரைக்கு. பழுப்பு நிறம், நன்னாரி வாசனை இரண்டும் சரிபார்த்துத்தான் காசு கொடுத்தாள். விளக்குத்தூணைப் பார்த்தோம். பையனுக்கு பிளாக்பர்ன் கதை சொன்னேன். அவன் கேட்டது: "கோட்டையை ஏம்ப்பா இடிச்சாரு, அப்படியே விட்டிருந்தா நல்லாயிருந்திருக்குமே?" மாரட் வீதிக்காரர் பதில் சொல்லட்டும்.

ராத்திரி பிரிந்தோம். அம்மாவும் மனைவியும் பெண்ணும் பள்ளியறைப் பூஜை பார்க்கக் கோயிலுக்கு. நானும் அப்பாவும் பையனும் எட்டு மணிக்குக் கறிதோசைக்கு. அப்பாவின் மாத்திரை நேரம் எட்டு, அதற்குத் தக்கபடி. சொன்ன மாதிரி உட்கார இடம் இருந்தது. ஃபர்வானியா பாய், உங்களுக்காகக் கல்லுக்குப் பக்கத்திலேயே மேசை கேட்டு வாங்கினேன். மாஸ்டர் கறியைப் பரப்பிக் கவிழ்த்தபோது "சொய்ங்" என்று எழுந்த சத்தத்தில் பையன் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டான். எழுபத்தொரு வயது அப்பா ஒரு வார்த்தை பேசாமல் முழுசும் சாப்பிட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு வந்து, "1974-ல பேங்க் பரீட்சை எழுத வந்தப்ப இந்தப் பக்கம்தான் தங்கியிருந்தேன். அப்ப ரெண்டு இட்லிக்குத்தான் காசு இருந்துச்சு" என்றார். மதுரைக்கு அவர் முன்னமே வந்திருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கல்லுப்பக்கம் அண்ணன் சொன்ன எட்டரைச் சால்னா தவறிப்போனது. ஒன்பதேகாலுக்குப் பையனுக்குப் பன் பரோட்டாவும் சீனியும். எனக்கும் ஒன்று, சால்னாவோடு. வெந்நீர் ஊற்றிவிட்டார்களா என்று எனக்குத் தெரியவில்லை, உப்புக்கல்தான் வந்து சொல்ல வேண்டும்.

பத்தே முக்காலுக்கு எல்லோரும் லாட்ஜ் வாசலில் சேர்ந்தோம். பெண் தோளில் தூங்கிவிட்டாள். அம்மாவுக்குப் பசி. தெருமுக்கில் ஒரு வண்டி. ஒரு பாட்டி துணி போட்டு அவித்த இட்லித்தட்டைக் கவிழ்த்து, துணியின் மேல் தண்ணீரைத் தெளித்து ஒரே இழுப்பில் உரிக்கிறார், ஒரு இட்லி உடையவில்லை. நாலு சட்னி. அம்மா நின்றுகொண்டே ஐந்து இட்லி. முதுகுக்குப் பின்னால் நிற்க மாட்டேன் என்ற மனைவி நடுத்தெருவில் தட்டோடு நின்று, ஆள் நகரட்டும் என்று தக்காளிச் சட்னி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

அல்வா ரயிலடிப் பக்கம் அரைக் கிலோ. திண்டுக்கல் தாண்டும்போது பொட்டலத்தில் நெய்க்கறை மட்டும் இருந்தது.

வெண்டைக்காய் சாம்பார் | செப்டம்பர் 30, இரவு 9.58

அப்பாவின் சர்க்கரை என்ன ஆயிற்று? அதை எழுதாமல் நழுவிவிட்டீர்கள்.

தாம்பரத்துக்காரன் | செப்டம்பர் 30, இரவு 10.03

திங்கட்கிழமை பார்த்தோம். கூடத்தான் இருந்தது. டாக்டரிடம் "ஊருக்குப் போயிருந்தோம்" என்று மட்டும் சொன்னார். அல்வாவில் அவர் பங்கு எவ்வளவு என்று இன்னும் விசாரணை நடக்கிறது.

மாரட் வீதி | செப்டம்பர் 30, இரவு 10.26

பையனுக்குச் சொல்லுங்கள்: ஊர் உள்ளே நெரிந்துகொண்டிருந்தது, அதனால் இடித்தார். இடித்து அகழியைத் தூர்த்த இடத்தில்தான் வெளி வீதிகள் வந்தன. இடிக்காமல் விட்டிருந்தால் நான் குடியிருக்கத் தெரு இல்லை.

சிம்மக்கல் வாசி | செப்டம்பர் 30, இரவு 10.41

அயிரை தவறிருச்சேன்னு வருத்தப்படாதீக. மறுக்கா வாங்க, மார்கழி தாண்டி. வர்றதுக்கு ஒரு நாள் முன்னாடி இங்க ஒரு வரி போட்டீகன்னா கடையில சொல்லிச் சட்டியில எடுத்து வைக்கச் சொல்றேன். லாட்ஜை மட்டும் மாத்துங்க, வெந்நி வர்ற இடமாப் பாத்து.

ஃபர்வானியா பாய் | அக்டோபர் 1, அதிகாலை 1.12

டிசம்பரில் லீவு கிடைத்துவிட்டது. 20-ஆம் தேதி இறங்குகிறேன். எனக்கும் ஒரு சட்டி சொல்லி வைங்க அண்ணே.

உப்புக்கல் | அக்டோபர் 1, காலை 8.00

ஒன்பதேகால் சால்னாவில் வெந்நீர் ஊற்றியிருப்பார்கள். சந்தேகமே இல்லை.